பாலில் எவ்வளவு பால்?

பால்காரரைக் கேட்டால் "கறந்த பால், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது" என்பார். வாங்குகிற வீட்டில் கேட்டால் "பாதிக்கு மேல தண்ணிதான்" என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது ஒரே பாலைத்தான்! வேடிக்கை என்னவென்றால், ஒருவகையில் இரண்டு பேர் சொல்வதுமே உண்மை. மாட்டின் மடியிலிருந்து நேராக வருகிற சுத்தமான பாலிலேயே நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான் இருக்கிறது. மீதி 13 பங்குக்குத்தான் காசு.

அந்த 13 பங்கில் என்ன இருக்கிறது? அதை எப்படி அளப்பது? யார் அளப்பது? இந்த மூன்று கேள்விகளுக்குள் கடந்த இருநூறு ஆண்டுப் பால் வியாபாரத்தின் வரலாறு முழுக்க அடங்கிவிடும். இதில் விஞ்ஞானமும் உண்டு, திருட்டும் உண்டு, குழந்தைகளின் உயிரும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாலுக்குள் என்ன இருக்கிறது?

100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 4 கிராம் கொழுப்பு, 3.3 கிராம் புரதம், 4.7 கிராம் லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரை, 0.7 கிராம் தாது உப்புகள் இருக்கும். மாட்டின் இனம், தீவனம், கன்று ஈன்று எத்தனை மாதம் ஆகிறது என்பதைப் பொறுத்து இந்த அளவு கூடும், குறையும். எருமைப் பாலில் கொழுப்பு மட்டும் 6 முதல் 8 கிராம் வரை இருக்கும்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கும். தண்ணீரைவிட எடை குறைவு என்பதால், பாலை அசைக்காமல் வைத்தால் மெல்ல மேலே வந்து ஏடாகப் படியும். புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் என்ற வகை. அதுதான் கால்சியத்தோடு சேர்ந்து சிறு துகள்களாக இருக்கிறது. தயிராக உறைவதும், பனீராகத் திரள்வதும் இந்தக் கேசின்தான். சர்க்கரையும் உப்பும் தண்ணீரில் கரைந்திருக்கும்.

பால் வியாபாரத்தில் இத்தனை பெயர்கள் கிடையாது. இரண்டே இரண்டு கணக்குதான். ஒன்று கொழுப்பு, அதாவது ஃபேட். மற்றது கொழுப்பையும் தண்ணீரையும் எடுத்துவிட்டால் மிஞ்சுகிற எல்லாம். அதற்குக் கொழுப்பற்ற திடப்பொருள் என்று பெயர். சொசைட்டியில் எஸ்.என்.எஃப் என்பார்கள். இந்த இரண்டு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை வரும்.

வில்லியம் பிரவுட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1827ல் ஒரு கருத்தைச் சொன்னார். மனிதன் சாப்பிடும் உணவு எல்லாவற்றையும் சர்க்கரை வகை, எண்ணெய் வகை, முட்டை வெள்ளைக்கரு போன்ற வகை என்று மூன்றாகப் பிரித்துவிடலாம் என்றார். இன்றைய மொழியில் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம். இதற்கு அவர் முன்மாதிரியாகக் காட்டியது பாலைத்தான். இயற்கையே உணவாகத் தயாரித்துக் கொடுத்த பொருள் அது ஒன்றுதான், அதில் மூன்றும் இருக்கிறது என்பது அவர் வாதம்.

ஆக, பாலில் என்ன இருக்கிறது என்று படித்தவர்களுக்கு அப்போதே தெரியும். ஆனால் ஒரு குவளைப் பாலைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எது எவ்வளவு என்று சந்தையில் நின்று சொல்ல வழியில்லை. திருட்டுக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

நியூயார்க் நகரத்தின் நீல நிறப் பால்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நகரங்கள் வேகமாக வளர்ந்தன. ரயிலும் குளிர்பதன வசதியும் பரவாத காலத்தில் கிராமத்துப் பால் நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும். அதனால் நகரத்துக்குள்ளேயே மாடு வளர்த்தார்கள். புல்லுக்கு எங்கே போவது? சாராய ஆலைகளை ஒட்டி மாட்டுக் கொட்டகைகளைக் கட்டி, ஆலையில் மிஞ்சும் தானியக் கழிவைச் சூட்டோடு மாட்டுக்கு ஊற்றினார்கள். நோயில் கிடந்த மாடுகளிலிருந்தும் கறந்தார்கள்.

அந்தப் பால் நீர்த்து, நீலம் பாய்ந்த நிறத்தில் இருந்தது. அதை வெள்ளையாக்கவும் கெட்டியாகக் காட்டவும் சுண்ணாம்புத் தூள், மாவு போன்றவற்றைக் கலந்தார்கள். பிறகு "கிராமத்துச் சுத்தமான பால்" என்ற பெயரில் வீடு வீடாக விற்றார்கள். அதைக் குடித்தவர்களில் கைக்குழந்தைகள் அதிகம். ஃபிராங்க் லெஸ்லி நடத்திய படப் பத்திரிகை 1858ல் இந்தக் கொட்டகைகளின் உள்ளே நடப்பதைப் படம் வரைந்து வெளியிட்டபோது நகரமே அதிர்ந்தது.

நிறத்தை மாற்றிவிட்டால் பால் மாதிரி தெரியும் என்பதுதான் அந்தக் காலத்து ஏமாற்று. அதாவது, வாங்குகிறவர் கண்ணால் அளந்தார். விற்கிறவர் கண்ணை ஏமாற்றினார். இந்தப் பாடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவோம்.

பால்மானி வந்தது, அதையும் ஏமாற்றினார்கள்

கண்ணை நம்ப முடியாது என்று ஆனதும் கருவி வந்தது. அதுதான் லாக்டோமீட்டர் எனப்படும் பால்மானி. அடியில் கனமான குமிழ், மேலே கோடு போட்ட மெல்லிய தண்டு. பாலில் விட்டால் மிதக்கும். பால் அடர்த்தியாக இருந்தால் உயரே நிற்கும், நீர்த்திருந்தால் இறங்கும்.

தண்ணீரின் எடை 1000 என்றால் அதே அளவு பாலின் எடை சுமார் 1030. அந்த 30தான் பால்மானியில் தெரிகிற எண். பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் 27க்கு வந்துவிடும். திருடன் மாட்டிக்கொள்வான். நல்ல கருவிதானே?

அங்கேதான் ஒரு ஓட்டை. பாலை அடர்த்தியாக்குவது புரதமும் சர்க்கரையும் உப்பும். கொழுப்போ தண்ணீரைவிட எடை குறைந்தது, அது பாலின் அடர்த்தியைக் குறைக்கிறது. அப்படியானால் பாலிலிருந்து ஏட்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அடர்த்தி கூடும்! ஏடெடுத்த பாலில் பால்மானி ஏறக்குறைய 35 காட்டும். இப்போது அந்த ஏடெடுத்த பால் 86 பங்கோடு 14 பங்கு தண்ணீரைக் கலந்தால் எண் மறுபடி 30க்கு வந்து நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். ஏட்டை எடுத்து வெண்ணெயாக விற்றாயிற்று. தண்ணீரையும் ஊற்றிப் பாலாக விற்றாயிற்று. இரட்டை லாபம். பால்மானியோ "நல்ல பால்" என்று சான்று கொடுக்கிறது. ஒரு தப்பு செய்தால் பிடிக்கும், இரண்டு தப்பும் சேர்த்துச் செய்தால் விட்டுவிடும் என்கிற காவல்காரன் மாதிரி ஆகிவிட்டது அந்தக் கருவி.

விஸ்கான்சின், 1890

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கோதுமை விவசாயம் நொடித்த பிறகு விவசாயிகள் மாடு வளர்ப்புக்கு மாறினார்கள். வெண்ணெய் ஆலைகளும் சீஸ் ஆலைகளும் ஊருக்கு ஊர் வந்தன. ஆலைக்குத் தேவை பாலில் உள்ள கொழுப்பும் புரதமும். ஆனால் காசு கொடுத்ததோ பாலின் எடைக்கு.

இதில் யாருக்கு நஷ்டம்? 5 சதவீதக் கொழுப்புள்ள ஜெர்சி மாட்டுப் பாலை 100 கிலோ கொண்டுவருகிறவர் 5 கிலோ கொழுப்பைக் கொடுக்கிறார். பக்கத்தில் நிற்பவர் ஏடெடுத்து, தண்ணீர் கலந்து, 2 சதவீதமாக்கிய பாலை 100 கிலோ கொண்டுவருகிறார். அவர் கொடுப்பது 2 கிலோ. இரண்டு பேருக்கும் ஒரே பணம். எல்லாப் பாலும் ஒரே தொட்டியில் விழுவதால் நஷ்டம் எல்லோர் தலையிலும் பகிர்ந்து விழுகிறது. அதாவது, திருடியவரின் லாபத்தை நேர்மையானவர் தன் கையிலிருந்து கொடுக்கிறார்! இப்படியே போனால் நேர்மையாக இருப்பவரும் எத்தனை நாள் இருப்பார்?

கொழுப்பை அளக்க ரசாயன முறைகள் அப்போதும் இருந்தன. ஆனால் அதற்குப் படித்த ரசாயன நிபுணர் வேண்டும், நேரம் வேண்டும். தினம் நூறு விவசாயிகள் வரும் ஆலையில் நடக்கிற காரியமா?

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் விவசாய ஆய்வு நிலையத்துக்கு 1888ல் வந்து சேர்ந்த ரசாயன அறிஞர் ஸ்டீபன் பாப்காக். இந்த வேலை அவர் கையில் வந்தது. 1890ல் தன் முறையை வெளியிட்டார். அது இவ்வளவுதான்:

நீண்ட கழுத்துள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் 17.6 மில்லி பாலை விட வேண்டும். ஏறக்குறைய அதே அளவு கந்தக அமிலத்தைச் சேர்க்க வேண்டும். அமிலம் புரதத்தைக் கரைத்துவிடும், கலவையும் சூடாகும். கொழுப்பு மட்டும் கரையாமல் உருகித் தனியாக நிற்கும். புட்டியை ஒரு எந்திரத்தில் வைத்துச் சில நிமிடம் வேகமாகச் சுற்றி, வெந்நீர் ஊற்றி மறுபடி சுற்றினால் கொழுப்பு முழுதும் மேலே கழுத்துக்கு ஏறிவிடும். கழுத்தில் கோடு போட்டிருக்கும். எத்தனை கோடு உயரம் நிற்கிறதோ அத்தனை சதவீதம் கொழுப்பு. ஓரளவு பழகிய யாரும் செய்யலாம். பக்கத்தில் நிற்கிற விவசாயியும் கண்ணால் பார்க்கலாம்.

பாப்காக் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பெரும் பணக்காரர் ஆகியிருப்பார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது. அப்போது விஸ்கான்சின் மாநில ஆளுநராக இருந்த ஹோர்ட், பால் பண்ணைப் பத்திரிகை நடத்தியவர். பைபிள் திருத்தியதைவிட அதிகமான பால்காரர்களை இந்தப் புட்டி திருத்தியது என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

இன்னொரு பலனும் கிடைத்தது. எந்த மாடு நல்ல மாடு என்று விவசாயிக்கே தெரிந்தது. செம்பு நிறையக் கறக்கிற மாடு கொழுப்பில் ஏழையாக இருக்கலாம், குறைவாகக் கறக்கிற மாடு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கலாம். 1895ல் டென்மார்க்கில் வேயன் என்ற ஊரில் விவசாயிகள் சங்கம் அமைத்து, ஒவ்வொரு மாட்டின் பாலையும் அளந்து குறிப்பேடு எழுத ஆரம்பித்தார்கள். மாட்டினங்களைத் திட்டமிட்டு மேம்படுத்துவதற்கு அது ஒரு தொடக்கம்.

கொழுப்பு மட்டும் போதுமா?

ஏறக்குறைய அதே சமயத்தில் சுவிட்சர்லாந்தில் நிக்கோலஸ் ஜெர்பர் என்பவரும் இதே போன்ற முறையைக் கண்டுபிடித்தார். அவர் கந்தக அமிலத்தோடு ஒரு மில்லி அமைல் ஆல்கஹாலும் சேர்த்தார். கொழுப்பு இன்னும் தெளிவாகப் பிரிந்தது. இந்தியப் பால் நிலையங்களில் பரவியது இந்த ஜெர்பர் முறைதான்.

இங்கிலாந்தில் ஒரு பால் நிறுவனத்தில் வேலை பார்த்த ரசாயன நிபுணர் ட்ரூப் ரிச்மண்ட் இன்னொரு நல்ல காரியம் செய்தார். பழைய பால்மானியைத் தூக்கிப் போடாமல், புதிய கொழுப்புச் சோதனையோடு இணைத்துவிட்டார். பால்மானி எண்ணை நான்கால் வகுத்து, கொழுப்புச் சதவீதத்தை ஐந்தால் வகுத்து, இரண்டையும் கூட்டி 0.14 சேர்த்தால் எஸ்.என்.எஃப் கிடைக்கும். பால்மானி 30, கொழுப்பு 4 என்றால் 7.5 + 0.8 + 0.14 = 8.44. ஒரு வரிக் கணக்கு!

இப்போது பழைய இரட்டைத் திருட்டு எடுபடாது. ஏட்டை எடுத்தால் கொழுப்புச் சோதனையில் தெரியும். தண்ணீர் கலந்தால் எஸ்.என்.எஃப்பில் தெரியும். தனித்தனியாக ஏமாந்த இரண்டு காவல்காரர்களையும் ஒரே வாசலில் நிறுத்தியது போல. 1901ல் பிரிட்டன் விதி கொண்டுவந்தது. கொழுப்பு 3 சதவீதத்துக்கோ, எஸ்.என்.எஃப் 8.5 சதவீதத்துக்கோ குறைந்தால், வேறு நிரூபணம் வரும் வரை அது கலப்படப் பால் என்றே கருதப்படும். இன்று நம் நாட்டுப் பால் பாக்கெட்டில் சமன்படுத்திய பால், அதாவது டோன்டு மில்க் என்று எழுதியிருந்தால் அதற்கும் குறைந்தபட்ச அளவு இதே 3 சதவீதம், 8.5 சதவீதம்தான்.

ஆனந்த் ஊருக்கு வந்த அளவுகோல்

இனி இந்தியாவுக்கு வருவோம். 1945ல் பம்பாய் அரசு நகரத்துக்குப் பால் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. குஜராத்தின் கெய்ரா மாவட்டத்திலிருந்து, ஆனந்த் வழியாக, ரயிலில் பால் வந்தது. வாங்கி அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. விவசாயிக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் தரகர்கள். நகரத்தில் பால் விலை ஏறினாலும் கறந்தவர் கைக்கு வந்தது சொற்பம்.

சர்தார் வல்லபபாய் படேலின் யோசனைப்படி, 1946 ஜனவரியில் சமர்க்கா என்ற ஊரில் விவசாயிகள் கூடினார்கள். மொரார்ஜி தேசாய் முன்னின்றார். பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பால்கூட அனுப்பவில்லை. அரசு இறங்கி வந்தது. 1946 டிசம்பர் 14 அன்று கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவானது. தலைவர் திரிபுவன்தாஸ் படேல். 1949ல் அங்கே வந்து சேர்ந்தவர் கேரளத்துக்காரரான வர்கீஸ் குரியன். பிற்காலத்தில் உலகறிந்த அமுல் இதுதான்.

அமுல் கதையில் விளம்பரம், வெண்ணெய், சின்னப் பெண் பொம்மை எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது, கிராமத்துச் சங்கத்தின் சின்ன அறையில் நடந்த விஷயம். ஒவ்வொருவர் கொண்டுவரும் பாலிலும் தனியாக மாதிரி எடுத்து, கொழுப்பு பார்த்து, அதற்கேற்பக் காசு கொடுத்தார்கள். பணக்காரர் வீட்டு எருமைக்கும் நிலமில்லாதவர் வீட்டு எருமைக்கும் ஒரே புட்டி, ஒரே கோடு. தரகர் "இன்று உன் பால் சரியில்லை" என்று வாயால் சொன்ன தீர்ப்பின் இடத்தில், எல்லோர் முன்னாலும் தெரிகிற ஒரு எண் வந்தது. கூட்டுறவு நின்றது நல்லெண்ணத்தால் மட்டுமல்ல, இந்த எண்ணாலும்தான்.

கெய்ராவின் பால் பெரும்பாலும் எருமைப் பால். பாலின் சேர்மானம் இங்கே இன்னொரு சோதனை வைத்தது. குளிர்காலத்தில் பால் மிஞ்சும், கோடையில் பற்றாது. மிஞ்சுவதைப் பவுடராக்கினால்தான் விவசாயிக்கு ஆண்டு முழுதும் விலை நிற்கும். ஆனால் எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், கேசின் அதிகம், கால்சியமும் அதிகம். பசும்பாலை வைத்தே தொழில் நடத்திய மேல்நாட்டு நிபுணர்கள் எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்றார்கள். குரியனின் நண்பரும் பால் பொறியியல் வல்லுநருமான எச்.எம்.தலாயா முடித்துக் காட்டினார். சூடான காற்றில் பாலைப் பனித்தூறல் போலத் தெளித்து உலர்த்தும் முறை அது. 1955 அக்டோபர் 31 அன்று ஆனந்த் ஆலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

அதற்குக் கொஞ்சம் முன்பு, 1946ல், பம்பாயில் தாரா குரோடி என்ற அதிகாரி இன்னொரு யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார். கொழுப்பு மிகுந்த எருமைப் பாலில் தண்ணீரும் கொழுப்பெடுத்த பால் பவுடரும் சேர்த்தால், கொழுப்பு 3 சதவீதத்துக்கு இறங்கும், எஸ்.என்.எஃப் அப்படியே நிற்கும், பாலின் அளவு கூடும், விலை குறையும். ஏழைகளுக்கும் பால் எட்டும். அதுதான் மேலே சொன்ன டோன்டு மில்க்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம்! பாலில் தண்ணீர் ஊற்றுவது குற்றம். அதே தண்ணீரை எவ்வளவு என்று கணக்குப் போட்டு, சத்துக் குறையாமல் பார்த்துக்கொண்டு, பெயரைச் சொல்லி விற்றால் அது சமூக சேவை. வித்தியாசம் தண்ணீரில் இல்லை, மறைத்ததா சொன்னதா என்பதில்தான்.

பசுவுக்கு நியாயம்

கொழுப்புக்கு மட்டும் விலை என்பது எருமை வைத்திருப்பவருக்குச் சரி. பசு வைத்திருப்பவருக்கு? ஒரு சின்னக் கணக்குப் போடலாம் (விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே).

கொழுப்புக்கு மட்டும் கிலோ 600 ரூபாய் என்று வைப்போம். 6 சதவீதக் கொழுப்புள்ள எருமைப் பால் 100 கிலோவுக்கு 3,600 ரூபாய். 3.5 சதவீதக் கொழுப்புள்ள பசும்பால் 100 கிலோவுக்கு 2,100 ரூபாய்.

இப்போது கொழுப்புக்குக் கிலோ 300, எஸ்.என்.எஃப்புக்குக் கிலோ 200 என்று இரண்டுக்கும் விலை வைப்போம். எருமைப் பாலில் எஸ்.என்.எஃப் 9 சதவீதம். 1,800 + 1,800 = 3,600. மாற்றமில்லை. பசும்பாலில் எஸ்.என்.எஃப் 8.5 சதவீதம். 1,050 + 1,700 = 2,750. கிலோவுக்கு 6 ரூபாய் 50 காசு கூடுதல்!

பால் மாறவில்லை. மாடு மாறவில்லை. அளக்கும் முறை மாறியதும் ஒரு குடும்பத்தின் வருமானம் மாறிவிட்டது. பசும்பாலில் உள்ள புரதமும் சர்க்கரையும் கால்சியமும் முன்பும் இருந்தன. ஆலை அதை எடுத்துப் பவுடராக்கி விற்றுக்கொண்டுதான் இருந்தது. விவசாயிக்குத்தான் கணக்கில் வரவில்லை.

1970ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கி, ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்கள் நாடெங்கும் பெருகியபோது இந்த இரட்டை விலை முறைக்குத் தேவை அதிகமானது. பசும்பாலே பிரதானமான தமிழ்நாட்டுக்கு இது முக்கியம். 1981ல் கூட்டுறவு இணையமாக உருவான ஆவின் அமைப்பின் கீழுள்ள சொசைட்டிகளிலும் விலை கொழுப்பையும் எஸ்.என்.எஃப்பையும் வைத்தே வருகிறது. பாலை வண்டியில் ஏற்றும் முன்பே, உற்பத்தியாளர் கண் முன்னால் அளவையும் தரத்தையும் குறித்துத் தர வேண்டும் என்று இங்குள்ள பால் உற்பத்தியாளர்கள் நெடுங்காலம் போராடியதற்குக் காரணமும் இதுதான். அரை சதவீதம் என்பது காகிதத்தில் புள்ளிக்குப் பிறகு வருகிற எண். வீட்டில் அது தவிட்டு மூட்டைக் காசு.

2008: எண்ணை மட்டும் ஏமாற்றினார்கள்

இவ்வளவு தூரம் வந்த பிறகு திருட்டு ஒழிந்துவிட்டதா? இல்லை. திருட்டும் படித்துவிட்டது!

டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் என்பவர் 1883ல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். புரதத்தை நேராக அளப்பது கடினம். ஆனால் புரதத்தில் நைட்ரஜன் உண்டு. கொழுப்பிலும் சர்க்கரையிலும் கிடையாது. எனவே நைட்ரஜனை அளந்து, பால் என்றால் 6.38 ஆல் பெருக்கினால் புரத அளவு வந்துவிடும். உலகம் முழுக்க நூறாண்டுக்கு மேல் இதைத்தான் நம்பினார்கள்.

சீனாவில் பால் நிறுவனங்கள் வாங்கும் பாலுக்குப் புரத அளவு பார்த்தன. நடுவில் பால் சேகரித்தவர்கள் சிலர் தண்ணீர் கலந்தார்கள். தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். அதைச் சரிக்கட்ட மெலமைன் தூளைக் கலந்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்ய உதவும் பொருள் அது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்தான். 0.667 ஐ 6.38 ஆல் பெருக்குங்கள். ஒரு கிராம் மெலமைன், சோதனையில் நாலேகால் கிராம் புரதமாகத் தெரியும்!

சோதனையில் பால் தேறியது. அந்தப் பாலில் செய்த பவுடரைக் குடித்த குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல் உண்டானது. 2008ல் விஷயம் வெளியே வந்தபோது சன்லு என்ற பெரிய நிறுவனத்தின் பெயர் முதலில் அடிபட்டது. மற்ற நிறுவனங்களின் பாலிலும் மெலமைன் இருந்தது தெரிந்தது. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்ததாகச் சீன அரசு அறிவித்தது. சன்லு திவாலானது. குற்றவாளிகளில் இருவருக்கு 2009ல் மரண தண்டனை நிறைவேறியது.

நியூயார்க்கில் சுண்ணாம்பு கலந்தவன் வாங்குபவரின் கண்ணை ஏமாற்றினான். ஏடெடுத்துத் தண்ணீர் கலந்தவன் பால்மானியை ஏமாற்றினான். மெலமைன் கலந்தவன் ரசாயனச் சோதனையை ஏமாற்றினான். மூன்றும் ஒரே திருட்டுதான். எதை அளக்கிறார்களோ அதை மட்டும் சரியாக வைத்துக்கொண்டு, அளக்காததைத் திருடுவது.

நம் ஊரிலும் எஸ்.என்.எஃப்பை ஏற்றச் சர்க்கரை, உப்பு, யூரியா கலப்பது உண்டு. அதற்காக எல்லாப் பாலும் விஷம் என்று பயப்படத் தேவையில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் நாடு முழுவதும் 6,432 மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. உடலுக்குக் கேடான கலப்படப் பொருள் கிடைத்தது 12 மாதிரிகளில்தான். ஆனால் கொழுப்போ எஸ்.என்.எஃப்போ உரிய அளவுக்குக் குறைந்தவை ஏராளம். விஷம் குறைவு, தண்ணீர் அதிகம் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

பாப்காக்குக்கே இருந்த சந்தேகம்

கடைசியாக, மறுபடி பாப்காக்கிடம் போவோம். பாலை ஒரு எண்ணாக மாற்றிக் கொடுத்த அவருக்கே எண்களின் மேல் முழு நம்பிக்கை கிடையாது. புரதம், மாவுச்சத்து, கொழுப்பு எல்லாம் காகிதத்தில் சமமாக இருந்தால் இரண்டு தீவனமும் சமம்தான் என்று அன்றைய நிபுணர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

அவருடைய தூண்டுதலால் 1907ல் விஸ்கான்சினில் ஒரு சோதனை தொடங்கியது. 16 கிடேரிகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கோதுமைப் பயிர் மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸ் மட்டும், ஒன்றுக்குச் சோளம் மட்டும் (நம் ஊர் மக்காச்சோளம்), நான்காவதற்கு மூன்றும் கலந்து. ரசாயனக் கணக்கில் நான்கு தீவனமும் சமம். ஆனால் நான்கு ஆண்டுகளில் கிடைத்த பலன் வேறு. சோளம் தின்றவை கொழுகொழுவென்று நல்ல கன்று ஈன்றன. கோதுமை தின்றவற்றின் கன்றுகள் செத்துப் பிறந்தன அல்லது பிறந்த சில நாளில் செத்தன.

கணக்கில் வராத ஏதோ ஒன்று தீவனத்தில் இருந்தது. அதைத் தேடிப் போன அதே பல்கலைக்கழகத்தின் மெக்காலமும் டேவிஸும் 1913ல் வெண்ணெய்க் கொழுப்பில் அதைக் கண்டார்கள். இன்று அதற்குப் பெயர் வைட்டமின் ஏ. இருபது ஆண்டுகளாகப் பாப்காக் புட்டியின் கழுத்தில் எல்லோரும் அளந்துகொண்டிருந்த அதே கொழுப்புக்குள்தான் அது ஒளிந்திருந்தது!

ஆக, பாலின் சேர்மானப் பட்டியல் எப்போதும் முழுமையான பட்டியல் அல்ல. அது அந்தந்தக் காலத்துக்கு அளக்கத் தெரிந்தவற்றின் பட்டியல். அதனால் அளப்பதே வீண் என்று ஆகிவிடாது. அளக்காத காலத்தில் ஏமாந்தது நேர்மையான விவசாயியும் கைக்குழந்தையும்தான். அளக்கத் தொடங்கிய பிறகு அந்த ஏமாற்றம் குறைந்தது, அதுவும் எங்கே? விஸ்கான்சின் ஆலையிலும் ஆனந்த் சங்கத்திலும், பால் ஊற்றியவர் பக்கத்தில் நின்று எண்ணைப் பார்த்த இடத்தில். சீனாவில் சோதனை நடந்தது, எண்ணும் வந்தது. கறந்தவருக்கும் குடித்தவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த முறை பால் பாக்கெட்டை வெட்டும்போது அதிலுள்ள இரண்டு எண்களையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். கொழுப்பு இவ்வளவு, எஸ்.என்.எஃப் இவ்வளவு. அந்த இரண்டு எண்களை அங்கே அச்சிட வைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.